காணாமல் போகும் மாத்திரைகளும் 16 வயது மகனும்

கேள்வி:

எங்கள் ஊர் ஈரோட்டுக்கு அருகில் இருக்கிறது, விசைத்தறி வைத்திருக்கிறோம். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். மாமனார் இறந்த பிறகு தூக்கம் வராமல் தவித்த மாமியாருக்கு மருத்துவர் அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்களாக அந்த மாத்திரைகள் கணக்கில் குறைந்தன. மாமியார்தான் மறதியில் இரண்டு முறை போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து அவரைக் கடிந்துகொண்டேன். போன மாதம் மகனின் பள்ளிப் பையில் அந்த அட்டைகளும், டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டையும் இருந்தன. கேட்டதற்கு, "பசங்க எல்லாரும் போடறாங்க, கால்வலிக்குத்தான் போட்டேன்" என்றான். கணவர் பெல்ட்டால் அடித்துவிட்டார். செல்போனைப் பிடுங்கி வைத்தோம். அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதில்லை. நான் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறான். தறிக்கூலிக்காக வைத்திருந்த பணத்தில் 3,000 ரூபாய் காணவில்லை. ஒரு நாள் இரவு வீட்டுக்கே வரவில்லை. இப்போதும் சில மாலைகளில் கண் சொருகியபடிதான் வருகிறான். "ரெண்டு மூணு நாள் ரூம்ல போட்டுப் பூட்டுனா எல்லாம் இறங்கிடும்" என்கிறார் கணவர். இரவில் காரில் வந்து பையன்களை அழைத்துச் செல்லும் ஒரு மையத்தில் சேர்த்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எப்படிக் கண்டித்தால் இவன் திருந்துவான்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் அறையில் பூட்டுவதைப் பற்றிய வரியைப் படித்ததும் முதலில் அதைத் தடுக்க வேண்டும் என்றே தோன்றியது. தயவுசெய்து இந்தப் பகுதியைக் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அல்பிரசோலத்தைப் பல வாரங்கள் தொடர்ந்து போட்டு வந்த ஒருவர் அதைத் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். சிலருக்கு வலிப்பு வரும். அந்த வலிப்பு வரக்கூடிய காலம் பெரும்பாலும் கடைசி மாத்திரைக்குப் பிந்தைய முதல் சில நாட்கள். உங்கள் கணவர் பூட்டி வைக்க நினைக்கும் இரண்டு மூன்று நாட்களும் அந்த ஆபத்தான நாட்களும் ஒன்றே. பூட்டிய அறைக்குள் தனியாக இருக்கும் பையனுக்கு வலிப்பு வந்தால் கதவுக்கு வெளியே இருப்பவருக்குத் தெரியாது. இப்படிப் பூட்டி வைக்கப்பட்டு, வலிப்பில் நாக்கைக் கடித்து, தலையில் அடிபட்ட நிலையில் தூக்கி வரப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தந்தையர் எவரும் கொடியவர் அல்லர். அவர்களும் பயந்து போனவர்கள்தாம்.

அதனால் இன்று முதல் வேலை, அவன் எதை, எவ்வளவு, எத்தனை நாளாகப் போடுகிறான் என்பதை அறிவது. அல்பிரசோலத்தை எப்போதாவது ஒன்று போட்டிருந்தால் நிலைமை வேறு. தினமும் போட்டிருந்தால், மருத்துவர் ஒரு திட்டம் வகுத்து வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் அதைக் குறைக்க வேண்டும். டேபென்டடால் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த வலி மாத்திரை. மார்பின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் மூளையில் இதுவும் வேலை செய்கிறது. இதைத் தொடர்ந்து போட்டு நிறுத்தியவருக்கு மூக்கு ஒழுகும், கொட்டாவி அடுத்தடுத்து வரும், உடல் முழுவதும் வலிக்கும், வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும், மயிர்க்கூச்செறியும். இரண்டாம் மூன்றாம் நாளில் இந்த வேதனை உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். 'காய்ச்சல்' என்று சொல்லி அவன் பள்ளிக்குப் போகாத நாட்களை நினைத்துப் பாருங்கள். சில நாட்களின் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கலாம்.

இரண்டையும் ஒன்றாகப் போடுவது என்னை மிகவும் கவலை கொள்ள வைக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகவே மூச்சை மந்தப்படுத்தக் கூடியது; சேரும்போது ஒன்று மற்றொன்றின் விளைவைப் பெருக்கிவிடும். அவன் மயங்கிக் கிடந்து, அழைத்தாலும் உலுக்கினாலும் விழிக்காமல், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், குறட்டை போன்ற கரகரப்பு கேட்டால், உதடு நீலம் பாய்ந்தால், 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டி வரும் வரை பக்கத்திலேயே இருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். எந்த மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்ற ஊசி மருந்து உண்டு. அட்டையைக் கையோடு கொண்டு போனால் மருத்துவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நேரடியாகக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சில இளைஞர்கள் இத்தகைய வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு சேர்க்கப்படும் மாவும் டால்க்கும் இரத்தக் குழாயை அடைத்துவிடும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. தொற்றுகள் வரும். கோடையிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா, முழங்கை மடிப்பில் தழும்போ வீக்கமோ தெரிகிறதா என்று கவனியுங்கள். அவனிடமே, குரலை உயர்த்தாமல், "ஊசி போட்டிருக்கியா கண்ணு?" என்று கேளுங்கள். கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. 'செத்துப் போகலாம் என்று தோன்றியிருக்கிறதா' என்று கேட்பதற்கும் இதுவே பொருந்தும். அதையும் கேட்டே ஆக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை வேண்டும். நடத்தைக்குக் கண்டிப்பு வேண்டும். வீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதால்தான் இரண்டுமே நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மாத்திரை மீதான ஏக்கமும், அது கிடைக்காதபோது வரும் உடல் வேதனையும் அடியால் குறையும் தன்மை கொண்டவை அல்ல. அதே சமயம், 'பாவம், நோயாளிப் பிள்ளை' என்று பணம் எடுத்ததையும் இரவில் வீடு திரும்பாததையும் கண்டுகொள்ளாமல் விடுவதும் அவனுக்குச் செய்யும் நன்மை ஆகாது. எடுத்த பணத்துக்கு அவன் பொறுப்பு. மாத்திரையை நிறுத்த முடியாமல் தவிப்பதற்கு அவனுக்குத் துணை தேவை. ஒரே பிள்ளையிடம் ஒரே நாளில் இந்த இரண்டையும் சொல்ல முடியும். ஆனால் ஒரே வாக்கியத்தில் சொல்லக் கூடாது.

பெல்ட்டால் அடித்ததைப் பற்றி. கணவர் மகனிடம் போய், "நான் அடிச்சது தப்பு. பயத்துல அடிச்சுட்டேன். இனிமே கை நீட்ட மாட்டேன். ஆனா இந்த மாத்திரை விஷயத்தை விடவும் மாட்டேன்" என்று சொல்லட்டும். இதனால் அப்பாவின் அதிகாரம் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், பேச்சு முறிந்துபோன வீடுகளில் முதல் கதவைத் திறந்தவை இப்படிப்பட்ட நான்கு வாக்கியங்கள்தாம். அடி வாங்கிய பையன் கற்றுக்கொள்வது மாத்திரையை இன்னும் நன்றாக ஒளித்து வைக்கும் வழியை மட்டுமே. அடிக்குப் பயந்து வெளியே தங்கும் இரவுகளில் அவனுக்கு இடம் கொடுப்பவர்களும் மாத்திரை கொடுப்பவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டம்.

விதிகள் குறைவாக இருக்கட்டும். கோபத்தில் ஒரே நாளில் இருபது கட்டளைகள் போடும் பெற்றோரால் இருபதையும் காவல் காக்க முடியாது. பத்து நாளில் எல்லாம் தளர்ந்து போக, 'இவர்கள் சொல்வார்கள், செய்ய மாட்டார்கள்' என்று பிள்ளை புரிந்துகொள்வான். நீங்களும் கணவரும் மாமியாரும் முதலில் தனியாக உட்கார்ந்து, மூவரும் விட்டுக்கொடுக்காமல் காக்கக்கூடிய மூன்று நான்கு விதிகளை மட்டும் முடிவு செய்யுங்கள். மருத்துவரிடம் தவறாமல் வர வேண்டும். இரவு எட்டரை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், தாமதமானால் போன் செய்ய வேண்டும். வண்டிச் சாவி கிடையாது. வீட்டுப் பணத்தைத் தொடக் கூடாது. வண்டிச் சாவியைத் தண்டனையாகச் சொல்ல வேண்டாம். இந்த மாத்திரைகள் உடலில் இருக்கும்போது வண்டி ஓட்டினால் அவனோ சாலையில் போகும் இன்னொருவரோ உயிரிழக்கலாம் என்பதே காரணம். அது தவிர, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளைவு சிறியதாக, உடனடியாக, அன்றோ மறுநாளோ முடிந்துவிடுவதாக இருக்க வேண்டும். தாமதமாக வந்தால் மறுநாள் மாலை வெளியே போவது இல்லை. அத்துடன் அந்தக் கணக்கு தீர்ந்தது. ஒரு மாதமாகப் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள். அதன் பயன் முதல் சில நாட்களிலேயே முடிந்துவிட்டது. இப்போது அவன் வேறு ஒருவரின் போனில் பேசிக்கொண்டிருப்பான், யாரிடம் பேசுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுங்கள், இரவு பத்து மணிக்குக் கூடத்தில் சார்ஜில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். 3,000 ரூபாயை அவன் திருப்பித் தர வேண்டும். பாக்கெட் மணியில் மாதம் இவ்வளவு என்று கழித்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அதை விருந்தாளி முன்னாலும் தறி ஓட்டுபவர் முன்னாலும் சொல்லிக் காட்டாதீர்கள். வீட்டில் சாப்பாட்டை நிறுத்துவது, 'நீ என் பிள்ளையே இல்லை' என்பது, தம்பி தங்கையோடு பேச விடாமல் செய்வது ஆகிய மூன்றும் எந்த நிலையிலும் கண்டிப்பு ஆகாது.

மாத்திரை போடாமல் தெளிவாக இருக்கும் மாலைகளையும் கவனியுங்கள். பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் தவறிய நாள் மட்டுமே. தெளிவாக வந்த அன்று அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, பழைய கதை எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சொருகிய கண்ணோடு வந்த அன்று சண்டை வேண்டாம், நீண்ட பேச்சும் வேண்டாம். அந்த நேரத்தில் அவன் மூளையில் எதுவும் பதியாது. மூச்சைக் கவனித்துக்கொண்டு, பேச்சை மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள். குடும்பத்தினருக்கான சிகிச்சை முறைகளில் நாங்கள் கற்றுக்கொடுப்பவற்றுள் இது முக்கியமானது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம்.

'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற கேள்விக்கு 16 வயதில் பதில் இருக்காது. 'முதல் தடவை எப்போது போட்டாய், அன்று என்ன நடந்தது?' என்று கேட்டால் பதில் வரும். இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மாமனாரின் மறைவு மாமியாரின் தூக்கமின்மைக்குக் காரணமாக மட்டும் வருகிறது. அந்தத் தாத்தாவோடு இவனுக்கு எப்படிப்பட்ட உறவு இருந்தது? அவர் போன பிறகு இவன் தூங்கினானா? வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தீர்கள். இன்னொருவரைக் கேட்க யாருக்கும் தோன்றாமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. தேர்வுப் பயம், மனச்சோர்வு, கவனச்சிதறல், கூட்டாளிகளிடையே மதிப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். உண்மையிலேயே கால்வலி இருக்கலாம். விளையாட்டில் அடிபட்டு முட்டியோ கணுக்காலோ சரியாகாமல் கிடந்து, நண்பன் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்த பிள்ளைகள் உண்டு. அவன் சொன்ன அந்த ஒன்றையாவது பொய் என்று ஒதுக்காமல், காலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மாமியாரின் மாத்திரைகளை இன்றே பூட்டிய பெட்டிக்கு மாற்றி, சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள். அவருடைய மாத்திரையையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அவருக்கும் அதே ஆபத்து உண்டு. ஆனால் வயதானவர் மாதக்கணக்கில் அல்பிரசோலம் போட்டுக்கொள்வதால் தள்ளாட்டமும் மறதியும் விழுந்து எலும்பு முறிவதும் நேரலாம் என்பதால், அது இன்னும் தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்பது நல்லது. மகன் முன்னிலையில் அவரிடம், "மாத்திரை குறைஞ்சதுக்கு உங்களைத் திட்டிட்டேன், தப்பு என்னுது அத்தை" என்று சொல்லுங்கள். தன் செயலால் யார் பழி சுமந்தார் என்பது எந்த அறிவுரையும் இல்லாமல் அவனுக்குப் புரியும்.

உறவினர் சொன்ன மையத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன்: வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதற்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது. மருத்துவர்கள் பரிசோதித்து, சேர்ப்பது அவசியம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமிப்பவரோ உடனிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை உண்டு. இரவில் வந்து தூக்கிப் போய், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள் என்று சொல்லும் இடம் இவற்றில் எதையும் கடைப்பிடிக்காது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த கோபத்தில் முன்பு போட்ட அதே எண்ணிக்கையை ஒருமுறை போட்டாலும் மூச்சு நின்றுவிடலாம்.

ஈரோட்டிலிருந்து எளிதில் போகக்கூடிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் செல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்புச் சிகிச்சை மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு அருகில் எது என்பதை 104-இல் கேட்டு அறியலாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டிலும் கட்டணம் இல்லை. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்ற அச்சத்தில் பல குடும்பங்கள் மாதக்கணக்கை வீணாக்குகின்றன. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை அதே 2017 சட்டம் நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. மருந்துக் கடையில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை நம்பி வீட்டிலேயே விசாரணை நடத்தாதீர்கள். சாதாரண ஓபியம் பரிசோதனையில் டேபென்டடால் பெரும்பாலும் அகப்படாது. 'இல்லை' என்று வந்த முடிவால் ஏமாறவும், வேறு காரணத்தால் 'உண்டு' என்று வந்த முடிவால் பிள்ளையை அவமானப்படுத்தவும் நேரும்.

மாத்திரை கொடுத்தவனைத் தேடிப் போய் அடிக்க வேண்டும் என்று கணவர் நினைக்கக்கூடும். அவர் போக வேண்டாம். அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. 2014 மார்ச்சிலிருந்து, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதாமல் கடைக்காரர் அதை விற்கக் கூடாது. டேபென்டடாலையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. எந்தக் கடை என்று தெரிய வந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, மருத்துவர் உத்தரவு இல்லாமல் ஒரு சிறுவனுக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் பெயரைச் சொல்லும்படி மகனை இப்போதே நெருக்காதீர்கள். சிகிச்சை நிலைபெற்ற பிறகு பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே சொல்கிறார்கள். பள்ளியில் அவன் மதிக்கும் ஓர் ஆசிரியரிடம் மட்டும், அவனுக்குத் தெரிவித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி வைக்கலாம்.

நடுவில் ஒரு முறையாவது அவன் மீண்டும் போட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தே இருங்கள். அன்று 'இவ்வளவு செய்தும் வீண்' என்று எல்லாவற்றையும் கைவிட வேண்டாம். அடுத்த மருத்துவச் சந்திப்பை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் அப்படியே இருக்கட்டும்.

முதல் சந்திப்புக்கு அந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும், மாமியாரின் மருந்துச் சீட்டையும், எந்த வாரத்தில் எத்தனை மாத்திரை குறைந்தது என்ற உங்கள் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டுக் கணவரும் வர வேண்டும். போகும் வரை, அவனே நிறுத்தப் போவதாகச் சொன்னாலும், "டாக்டரைப் பாத்துட்டுக் குறைச்சுக்கலாம் சாமி, அதுவரைக்கும் எதையும் கூட்டாதே, ரெண்டையும் சேத்துப் போடாதே" என்று சொல்லி வையுங்கள். இடையில் நடுக்கமோ குழப்பமோ வலிப்போ வந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதல் சந்திப்பில் மருத்துவர் உங்கள் இருவரையும் வெளியே அமரச் சொல்லிவிட்டு மகனோடு தனியாகப் பேசுவார். அரை மணி நேரம் ஆகலாம். அவன் வெளியே வந்ததும், உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.